மண்டைக்குள் அழுத்தமா என்று கண்ணில் பார்க்கும் ஸ்கேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று மூக்கையூர் வரை போகிற கரை இது. தலையில் அடிபட்டவரையோ, நாள் கணக்கில் தலைவலியில் கிடப்பவரையோ தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் எங்களிடம் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பல கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன்.

அடி பட்டது தலையில். கண்ணில் எதற்கு ஸ்கேன்?

கண்ணுக்குப் பின்னால் போகிற பார்வை நரம்பு, கை கால் நரம்புகள் மாதிரி இல்லை. அது மூளையின் ஒரு பகுதியே வெளியே நீண்டு வந்தது. மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வுகள் இந்த நரம்பையும் உறை போட்டுக்கொண்டு கண் வரைக்கும் கூடவே வருகின்றன. மூளையைச் சுற்றி ஓடும் நீரும் அந்த உறைக்குள் வருகிறது. அதனால் மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அந்த நீர் இந்த உறைக்குள்ளும் தள்ளும், உறை புடைக்கும். சைக்கிள் டியூபில் காற்று அதிகமானால் இளகிய இடம்தானே முதலில் புடைக்கும்? நரம்பு உறையில் அந்த இளகிய இடம் கண்ணுக்குச் சற்றுப் பின்னால், சுமார் 3 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மண்டையோட்டைத் தாண்டி அல்ட்ராசவுண்ட் ஒலி சரியாகப் போகாது; கண் வழியாகத் தாராளமாகப் போகும். அதனால்தான் கண்.

எங்கள் வாப்பாவுக்குக் கண் பிரஷர் பார்க்கிறார்கள். அதுதானா இது?

இல்லை. கண் மருத்துவர் பார்ப்பது கண் உருண்டைக்குள் இருக்கும் அழுத்தம். அது கூடினால் குளுக்கோமா. கையில் பட்டை கட்டிப் பார்ப்பது இரத்தக் கொதிப்பு. இங்கே நாம் பேசுவது மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தம். வாப்பாவுக்குக் கண் பிரஷர் சொட்டு மருந்து நடந்தால் அதை நிறுத்தவே வேண்டாம். இந்த ஸ்கேனுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

மண்டைக்குள் அழுத்தம் ஏன் ஏறுகிறது?

மண்டையோடு எலும்பு. பெரியவர்களுக்கு அது விரியாது. உள்ளே மூன்று பொருள்: மூளை, இரத்தம், மூளை நீர். மூளை நீர் எந்த நேரத்திலும் 150 மில்லி போல இருக்கும்; ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் புதிதாக ஊறி, பழையது வடியும். மூன்றில் ஒன்று கூடினால் மற்றது இடம் விட வேண்டும். எடின்பரோ நகரத்து மருத்துவர் மன்றோ 1783இலேயே இதைச் சொன்னார். கெல்லி என்பவர் 1824இல் அதற்கு வலு சேர்த்தார். கொஞ்சம் கூடும்வரை உடம்பு சமாளிக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் சின்ன அளவு கூடினாலும் அழுத்தம் செங்குத்தாக ஏறிவிடும். நேற்று சாயங்காலம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் விடிகாலையில் எழுப்ப எழுப்ப எழாமல் போவது இதனால்தான்.

படுத்திருக்கும் பெரியவருக்கு இந்த அழுத்தம் பாதரச அளவில் 15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தலைக்காயத்தில் 22ஐத் தாண்டினால் வைத்தியம் பண்ண வேண்டும் என்பது 2016இல் அமெரிக்காவில் வந்து பல நாடுகளிலும் பின்பற்றப்படும் வழிகாட்டுதல்.

இங்கே நாங்கள் பார்க்கிற காரணங்களில் முதலிடம் பைக். கிழக்குக் கடற்கரைச் சாலையும் மதுரை ரோடும்தான் முக்கால்வாசிப் பேரை எங்களிடம் அனுப்புகின்றன என்றே சொல்லலாம். அடுத்து விசைப்படகில் வின்ச் கம்பி அறுந்து அடிப்பது, தென்னையிலோ பனையிலோ இருந்து விழுவது. அடிபடாமலும் வரும்: மூளையில் இரத்தக் கசிவு, கட்டி, மூளைக் காய்ச்சல், காசநோயால் வரும் மூளை உறை அழற்சி, மூளைச் சிரையில் இரத்தம் உறைவது.

எப்படி எடுப்பார்கள்? வலிக்குமா?

வலிக்காது. மல்லாக்கப் படுக்க வைப்பார்கள், தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி. இமையை மூடச் சொல்வார்கள். மூடிய இமைமேல் ஜெல்லைத் தாராளமாக, ஒரு குவியலாகவே வைப்பார்கள். சில இடங்களில் இமைமேல் மெல்லிய ஒட்டுப்படலம் ஒட்டி அதன் மேல் ஜெல் வைப்பார்கள். இமைமுடியில் ஜெல் அப்பாமல் இருக்கும். கை நரம்பு, தைராய்டு பார்க்கப் பயன்படுத்தும் தட்டையான புரோப்பையே (ஸ்கேன் கருவியில் உடம்பின் மேல் வைக்கும் பகுதி) அந்த ஜெல்லின் மேல் மிதக்கவிட்ட மாதிரி வைப்பார்கள். கண்ணை அழுத்தவே கூடாது. எடுப்பவர் கையைப் பாருங்கள்: சுண்டுவிரலும் மோதிரவிரலும் நோயாளியின் நெற்றியிலோ மூக்கு எலும்பிலோ ஊன்றியிருக்க வேண்டும். அப்படி ஊன்றாமல் புரோப் வெறும் கையில் தொங்கினால், "சார், கண்ணு அழுந்துது" என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

திரையில் கண் உருண்டை கறுப்பு வட்டமாகத் தெரியும். வட்டத்தின் அடிவிளிம்பு வெள்ளையாக மின்னும். அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை இறங்கும். அதுதான் பார்வை நரம்பு, அதன் உறையோடு. அடிவிளிம்பிலிருந்து நேர் கீழே 3 மில்லிமீட்டர் அளந்து ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியில் பட்டையின் அகலத்தை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, குறுக்காக அளப்பார்கள். இதைப் படுக்கைவாட்டில் ஒரு முறை, நெடுக்குவாட்டில் ஒரு முறை, இரண்டு கண்ணிலும் எடுத்துச் சராசரி போடுவார்கள். பழகிய கைக்கு ஐந்து நிமிடம். அழுகிற குழந்தை என்றால் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

எத்தனை மில்லிமீட்டர் வந்தால் பயப்பட வேண்டும்?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாத கேள்வியும் இதுதான்.

பெரியவர்களுக்கு 5 மில்லிமீட்டர் என்பது பழைய, எளிதான கோடு. அதற்குக் கீழே என்றால் மனசுக்குக் கொஞ்சம் தைரியம்; 6ஐ நெருங்கினால் அழுத்தம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் இருக்கும் பட்டைதான் தலைவலி. வெவ்வேறு ஆய்வுகள் 5.0 முதல் 5.9 வரை வெவ்வேறு இடத்தில் கோடு கிழித்திருக்கின்றன. ஒரு வயது முதல் பதினைந்து வயது வரை 4.5, ஒரு வயதுக்குள் 4.0 என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? நாம் அளப்பதே ஐந்து மில்லிமீட்டர்தான். திரையில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் உறையின் கரை மங்கிப் பரவும், அளவு பிசகும். புரோப்பைச் சாய்த்துப் பிடித்தால் நரம்பு சாய்வாக வெட்டப்பட்டுத் தெரியும், அப்போதும் அளவு பிசகும். ஒருவர் உறையின் உள்கரையில் அளப்பார், இன்னொருவர் வெளிக்கரையில். கண்ணின் பின்சுவர் நிழலையே நரம்பு என்று நினைத்து அளந்துவிடுகிறவர்களும் உண்டு. இதில் ஒன்று நடந்தாலே கால் மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டர் ஓடிவிடும், 4.9ஐ 5.3 ஆக்க அது போதும். அதனால் அறிக்கையில் 5.2 என்று இருப்பதைப் பார்த்து வீட்டில் அழவும் வேண்டாம், 4.8 என்று இருப்பதைப் பார்த்து பிரியாணி வாங்கவும் வேண்டாம். கண் உருண்டையின் அகலத்தோடு ஒப்பிட்டு விகிதமாகச் சொல்லும் முறையும் இப்போது வந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் கண்ணின் அளவு மாறுவதால் வரும் குழப்பத்தை அது கொஞ்சம் குறைக்கும்.

இதை எவ்வளவு நம்பலாம்?

2019இல் 71 ஆய்வுகளை, அவற்றில் இருந்த 4551 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. தலைக்காயத்தில் அழுத்தம் கூடியிருந்த நூறு பேரில் சுமார் 97 பேரை இந்த ஸ்கேன் கண்டுபிடித்தது. அழுத்தம் கூடாத நூறு பேரில் சுமார் 86 பேரைச் சரியாக "இல்லை" என்றது. நல்ல எண்கள்தான். ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பழகிய கைகள், தீவிர சிகிச்சைப் பிரிவில், ஏற்கெனவே சந்தேகம் வலுத்த நோயாளிகளிடம் எடுத்தவை. நடு இரவில், நெரிசலில், புதிதாகப் பழகியவர் எடுத்தால் அதே எண் வரும் என்று நான் நினைக்கவில்லை.

என் கணக்கு இதுதான்: இந்த ஸ்கேன் ஒருவரைச் சீக்கிரம் அனுப்பச் சொன்னால் கேட்பேன். அனுப்ப வேண்டாம் என்று சொன்னால் அதை மட்டும் வைத்துக் கேட்க மாட்டேன்.

அப்படியானால் நார்மல் என்று வந்தால் வீட்டுக்குப் போகலாமா?

அதை ஸ்கேன் முடிவு செய்யக்கூடாது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் இரத்தம் கட்டும் ஒருவகைக் காயத்தில், அடிபட்டவர் கொஞ்ச நேரம் மயங்கி, பிறகு எழுந்து டீ குடித்து, வீட்டுக்குப் போன் பண்ணிப் பேசி, சில மணி நேரம் கழித்துச் சரிவார். அந்த நடு நேரத்தில் எடுத்தால் நரம்பு உறை சாதாரணமாகவே இருக்கலாம். அழுத்தம் இன்னும் ஏறியிருக்காது, அவ்வளவுதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீர் மாதிரி அல்லது இரத்தம் ஒழுகுவது, ஒரு பக்கக் கை கால் பலம் குறைவது, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது: இதில் ஒன்று இருந்தாலும் சிடி எடுத்தே ஆக வேண்டும், கண் ஸ்கேன் என்ன சொன்னாலும் சரி. வார்ஃபரின், அசிட்ரோம் போல இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். குடித்துவிட்டு விழுந்தவரை "போதை, தூங்கட்டும்" என்று விடுவதுதான் இந்தக் கரையில் நான் பார்க்கிற மிக மோசமான பழக்கம். வயதானவர்களுக்கு அடிபட்டு மூன்று நான்கு வாரம் கழித்துக்கூட இரத்தக்கட்டு மெல்லச் சேர்ந்து, நடை தள்ளாட்டமாகவும் மறதியாகவும் வெளிப்படும்.

பிறகு இதை எடுத்து என்னதான் பிரயோசனம்? நேராக சிடி எடுத்துவிடலாமே?

சிடி பக்கத்தில் இருந்து, நோயாளியை அங்கே கொண்டுபோகவும் முடியும் என்றால் எடுத்துவிடலாம்தான். இரத்தம் எங்கே, எவ்வளவு, கட்டியா வீக்கமா என்றெல்லாம் சிடிதான் சொல்லும். கண் ஸ்கேன் அதில் எதையும் சொல்லாது.

ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் போல. மதுரை சுமார் 170. ஒரே விபத்தில் நான்கு பேர் வருகிறார்கள், இரண்டு ஆம்புலன்ஸ்தான் இருக்கிறது. யார் முதல் வண்டியில்? கிளம்பும் முன்பே மானிட்டால் (மண்டைக்குள் அழுத்தத்தைக் குறைக்க ஏற்றும் மருந்து) ஏற்ற வேண்டியவர் யார்? வென்டிலேட்டரில் இருக்கிறவரை சிடி மேசைக்கு நகர்த்துவதே ஆபத்து. அவருக்கு அழுத்தம் மறுபடி ஏறுகிறதா? இந்த இடங்களில் படுக்கையருகே ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் ஓர் எண் உதவுகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிடி கிடையாது. நீண்ட நாள் மிதந்தவர்களுக்குக் கண் நரம்பில் வரும் வீக்கத்தை அங்கே அல்ட்ராசவுண்டிலும் பார்க்கிறார்கள். பூமியிலிருந்து வழிசொல்ல, விண்வெளி வீரர்களே எடுக்கிறார்கள். தனுஷ்கோடிக்கு அது கொஞ்சம் தூரத்து உதாரணம், சரி. ஆனால் தேவை ஒன்றுதான்.

கண் மருத்துவர் விளக்கு வைத்து உள்ளே பார்த்து "நரம்பு வீங்கியிருக்கு" என்கிறாரே, அது வேறா?

அதுவும் இதே அழுத்தத்தின் அடையாளம்தான். 1851இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்ததிலிருந்து நடக்கிற சோதனை. பஞ்சாபில் பிறந்த கண் மருத்துவ ஆராய்ச்சியாளர் சோஹன் சிங் ஹேரே, 1960களில் குரங்குகளில் செய்த சோதனைகளில், மண்டைக்குள் ஏறும் அழுத்தம் நரம்பு உறை வழியாகக் கண்ணுக்கு வந்துதான் அந்த வீக்கம் உண்டாகிறது என்று காட்டினார். உறையைத் திறந்துவிட்டால் வீக்கம் வடிந்தது. இன்றைக்கு நாம் எடுக்கும் ஸ்கேனுக்கு அடித்தளமே அதுதான். பிறகு 1990களில் ஜெர்மனியில் ஹான்சன், ஹெல்ம்கே இருவரும் உறையை அல்ட்ராசவுண்டில் அளக்கலாம் என்று நிறுவினார்கள்.

வித்தியாசம் நேரத்தில். கண்ணுக்குள் தெரியும் வீக்கம் வர பல மணி நேரம், பெரும்பாலும் நாட்கள் ஆகும். உறை சில நிமிடங்களிலேயே விரியத் தொடங்கும். புதுத் தலைக்காயத்தில் உள்ளே பார்த்து "சுத்தமாக இருக்கு" என்றால் அது பெரிய ஆறுதல் இல்லை.

பிரசவமாகி பன்னிரண்டு நாள். தலைவலி என்று படுத்தே கிடக்கிறாள். தாய்வீட்டில் "பச்சை உடம்பு, அப்படித்தான்" என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் இரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த உடம்பு செய்யும் ஏற்பாடு அது. அந்த நேரத்தில் உடம்பில் நீர் வற்றினால் மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் உறைகட்டி அடைக்கும். வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் குறைத்துக் கொடுப்பது இன்னும் இருக்கிறது: "வயிறு போட்டுரும்", "பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்பார்கள். சித்திரை வெயில், தகரக் கூரை, கதவு சாத்திய அறை, தலையில் துணிக்கட்டு, ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர். இந்தியாவில் பிரசவத்துக்குப் பின் இந்தச் சிரை அடைப்பு அதிகம் என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறார்கள். இந்தப் பத்தியமும் அதில் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அந்தப் பெண்ணுக்குத் தலைவலி நாளுக்கு நாள் கூடுகிறதா? படுத்தால் அதிகமாகிறதா? வாந்தியா? பார்வை மங்கலா, இரண்டிரண்டாகத் தெரிகிறதா? வலிப்பு வந்ததா? ஒன்று இருந்தாலும் இன்றைக்கே மருத்துவமனை. கண் ஸ்கேனில் உறை விரிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் உறுதி செய்ய சிரைகளைக் காட்டும் எம்ஆர்ஐ அல்லது சிடி வேண்டும். சாதாரண சிடியில் இது தப்பிவிடலாம். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்து சிசேரியன் ஆனவர்களுக்கு உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வரும். அது வேறு வகை. எது எது என்று வீட்டில் பிரிக்க வேண்டாம். தண்ணீரை மட்டும் தாகத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். பாலும் நன்றாக ஊறும்.

கர்ப்பத்திலேயே கொதிப்பு கூடி, தலைவலியோடு கண் முன் பூச்சி பறந்தால் அதற்கும் இதே அவசரம்.

சங்கு குளிக்கிறவர், கடல்பாசி எடுக்கிற பெண்கள் எல்லோருக்கும் தலைவலி வருகிறதே. ஸ்கேன் எடுக்கணுமா?

எல்லோருக்கும் வேண்டாம். மூச்சடக்கி மூழ்கி எழுகிறவர்களுக்கு இரத்தத்தில் கரியமில வாயு கூடும். அது மூளைக்குப் போகும் இரத்தத்தைக் கூட்டி மண்டை கனக்கும். கரையேறி ஓய்வெடுத்தால் போய்விடும். சைனஸ் அடைத்திருக்கும்போது மூழ்கினால் நெற்றியில் குத்தும். வெயிலும் தாகமும் தனி. காலையில் வெறும் வயிற்றோடு இறங்கி மதியம் வரை தண்ணீரே குடிக்காமல் பாசி பறித்தால் தலைவலி வராமல் என்ன செய்யும்?

கம்ப்ரஸர் காற்றில் நெடுநேரம் கீழே இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தவருக்குத் தலைவலியோடு மரத்துப்போதல், தள்ளாட்டம், மயக்கம் இருந்தால் அது காற்றுக்குமிழிகளால் வரும் நோய். அவருக்கு உடனே ஆக்சிஜன் வேண்டும், அடுத்து அழுத்த அறை உள்ள மருத்துவமனை. கண் ஸ்கேனுக்காகத் தாமதிக்கக்கூடாது.

இருபத்தைந்து வயது, உடம்பு கொஞ்சம் பருமன், மாதக்கணக்கில் தலைவலி. சிடி நார்மல். பிறகு எதற்குக் கண்ணைப் பார்க்கிறார்கள்?

கட்டியும் இல்லாமல் உறைகட்டும் இல்லாமல் அழுத்தம் மட்டும் கூடும் ஒரு நோய் உண்டு. எடை கூடிய இளம்பெண்களுக்கு அதிகம். குனிந்து நிமிரும்போது ஓரிரு நொடி கண் இருட்டுவது, காதுக்குள் நாடித்துடிப்பு கேட்பது இரண்டும் அடையாளம். பருவுக்குக் கொடுக்கும் வைட்டமின் ஏ வகை மாத்திரைகளும், டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகளும் சிலருக்கு இதைத் தூண்டும். என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எடை குறைப்பதும் அசெட்டசோலமைடு மாத்திரையும் முதல் வைத்தியம். அலட்சியம் செய்தால் பார்வை நிரந்தரமாகப் போகலாம்.

இதற்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கணும் என்கிறார்கள். கால் விளங்காமல் போகுமாமே?

போகாது. ஊசி இறங்கும் இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது. ஊசியோடு ஒரு குழாயை இணைத்து நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று நேராகவே அழுத்தத்தை அளப்பார்கள். பெரியவருக்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் அதிகம். கண் ஸ்கேனால் இந்த அளவைக் கொடுக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். தலைக்குள் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் சிடி, பிறகுதான் ஊசி.

ஆள் குணமே மாறிவிட்டான். தனியாகச் சிரிக்கிறான், காய்ச்சலும் விட்டு விட்டு வருகிறது. ஏர்வாடிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள்.

தர்காவுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. போகும் வழியில் ஒரு தடவை மூளையையும் பார்த்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். வாரக்கணக்கில் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கூடவே குணமாற்றம் என்றால் காசநோய் மூளை உறையைத் தொட்டிருக்கலாம். நெற்றிப் பக்கத்து மூளையில் வளரும் கட்டியும் முதலில் குணத்தைத்தான் மாற்றும். இரண்டிலும் அழுத்தம் கூடும். கண்ணில் ஸ்கேன் வைத்தால் உறை விரிந்திருப்பது தெரிய வாய்ப்புண்டு. காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். தாமதமாகத் தொடங்கினால் ஆள் பிழைத்தாலும் பார்வை, நடை, அறிவு ஏதாவது ஒன்று பழுதாகும்.

கைக்குழந்தைக்கும் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் உச்சிக்குழி மூடாத குழந்தைக்கு அதன் வழியாகவே மூளையை ஸ்கேன் செய்யலாம், அது இன்னும் நல்லது. உச்சிக்குழி புடைத்திருப்பது, தலைச்சுற்றளவு வேகமாக வளர்வது, கண் கீழ்நோக்கியே இருப்பது மூன்றையும் தாயே கவனிக்கலாம்.

கதிர்வீச்சால் கண் கெட்டுப்போகாதா?

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, ஒலி மட்டும். ஆனால் கண் மென்மையான உறுப்பு, அதற்கென்று ஒலியின் வலுவைக் குறைத்து வைக்க வேண்டும். கருவியில் கண்ணுக்கான அமைப்பு தனியாக இருக்கும். வயிற்றுக்கு வைத்திருந்த அமைப்பிலேயே கண்ணில் வைக்கக்கூடாது, நெடுநேரம் வைத்துக்கொண்டும் இருக்கக்கூடாது.

யாருக்கு எடுக்கவே கூடாது?

கண் உருண்டை கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவருக்கு. தூண்டில் முள் கண்ணில் ஏறியவர், கண்ணாடிச் சில் குத்தியவர், முகம் நசுங்கியவர் எல்லோரும் இதில் அடக்கம். சமீபத்தில் கண் ஆபரேஷன் ஆனவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய கண்புரை ஆபரேஷன் தடையில்லை. கண்ணின் மேல் போடும் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

பார்வை நரம்பு அழற்சி, தைராய்டால் கண் பிதுங்கல், கண்குழிக்குள் கட்டி இவை இருந்தால் மூளை அழுத்தம் இல்லாமலேயே உறை தடித்துத் தெரியலாம். ஒரு கண்ணில் மட்டும் விரிந்திருந்தால் முதலில் இதைத்தான் யோசிப்போம்.

மருந்து ஏற்றிய பிறகும் அளவு குறையவில்லை என்கிறார்களே. மருந்து கேட்கவில்லையா?

அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ரொம்ப விரிந்த உறை, அழுத்தம் இறங்கின பிறகும் சில நேரம் பழைய அளவுக்குச் சுருங்காது. ஆனால் நேற்று 5.1, இன்று அதே கை எடுத்து 5.8 என்றால் அதை யாரும் சும்மா விடக்கூடாது.

108 வண்டியிலேயே, இல்லை எங்கள் ஊர் துணைச் சுகாதார நிலையத்திலேயே இந்தக் கருவியை வைக்கலாமே?

கையடக்கக் கருவி வந்துவிட்டது. ஆசை எங்களுக்கும் உண்டு. தடை சட்டத்தில் இருக்கிறது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும், எந்த இடத்தில், யார் கையாளுகிறார் என்பதோடு பதிவாக வேண்டும். எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு 2012இல் விதிகள் இன்னும் இறுகின. பெண்சிசுவைக் காப்பாற்ற வந்த சட்டம், நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்கு மட்டும் பயன்படுகிற புரோப்புக்கு வழி செய்தால் நல்லது என்பது என் தனிப்பட்ட கருத்து.

வண்டியில் மதுரைக்குக் கொண்டுபோகும்போது நாங்கள் என்ன செய்யணும்?

தலைமாட்டை 30 டிகிரி போல உயர்த்துங்கள். கழுத்து அடிபட்டிருக்கலாம் என்றால் கழுத்தை மடக்காமல், படுக்கையையே சாய்த்து உயர்த்தச் சொல்லுங்கள். தலை ஒரு பக்கம் சரியாமல் நேராக இருக்கட்டும். கழுத்துச் சிரை அழுந்தினாலே மூளையிலிருந்து இரத்தம் வடியாது. கழுத்துப்பட்டை இறுக்கமாக இருந்தால் சொல்லுங்கள். தண்ணீர், சோடா, காபி எதுவும் வாயில் ஊற்றக்கூடாது. வாந்தி எடுத்தால் உடம்பையும் தலையையும் சேர்த்து ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். முன்பு பேசியவர் பேச்சை நிறுத்தினாலோ, நாடி மெதுவாகி மூச்சு தாறுமாறானாலோ உடனே வண்டியில் இருப்பவரிடம் சொல்லுங்கள். வழியில் வேறு மருத்துவமனையில் நிறுத்த வேண்டி வரலாம்.

செலவு?

சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. ராமேஸ்வரம் வரும் யாத்திரிகர்கள் இதைத் தெரியாமல் பணத்துக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் நர்ஸ். நான் பழகிக்கொள்ளலாமா?

எடுக்கும் முறையைப் பழகுவது கஷ்டமில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சுமார் 25 ஸ்கேன், அதில் சிலவாவது நிஜமாகவே விரிந்த உறையாக இருந்தால் கை படியும் என்பார்கள். ஆனால் மேலே சொன்ன சட்டப்படி உங்கள் மருத்துவமனையின் பதிவில் பெயர் உள்ள மருத்துவர் இல்லாமல் புரோப்பைத் தொடாதீர்கள். நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டில் "கண் ஸ்கேன் பார்த்தது" என்று மட்டும் எழுதி அனுப்பினால் மதுரையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. வலது கண், இடது கண் அளவு தனித்தனியாக, எடுத்த நேரம், அதற்கு முன் மானிட்டால் போனதா இல்லையா, அப்போது நினைவு எப்படி இருந்தது: இவ்வளவும் இருந்தால்தான் அவர் மறுபடி எடுத்து ஒப்பிட முடியும்.